தொழில் மாறுவதன் தடைக்காலம்

 

தியாகி இம்மானுவேல் சேகரனார் நினைவாக நடக்கும் உரையில் மென்பொருள் துறையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், மூத்த தோழர் ஒருவர் என்னிடம், "இதுல நம்ம அரசியல் எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் கூட்டங்களுக்கு வருகிற இளைஞர்கள் என்னிடம் தனியாக வந்து கேட்கும் கேள்வி வேறு. "நான் கெமிஸ்ட்ரி படிச்சேன், ஐ.டி. பக்கம் போக முடியுமா?", "பி.காம். முடிச்சு நாலு வருஷமா கடையில கணக்கு எழுதுறேன், இனிமே கோடிங் கத்துக்கிட்டா வேலை கிடைக்குமா?" தோழர் கேட்டதும் இவர்கள் கேட்பதும் ஒரே கேள்வி என்பது என் கட்சி.

1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, அங்கே பேச முடியாமல் போய், தானே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் ஒரு வாதத்தை வைக்கிறார். சாதி என்பது வேலையைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு என்று சொல்கிறவர்களுக்கு, அது வேலை செய்கிற மனிதர்களைப் பிரித்து அடுக்கும் ஏற்பாடு என்று பதில் சொல்கிறார். இந்த இடம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு அடுத்து அவர் சொல்வதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. தொழில்கள் நிலையானவை அல்ல, ஒன்று நசியும், இன்னொன்று எழும். நசிகிற தொழிலில் இருப்பவன் எழுகிற தொழிலுக்கு நகர்ந்தாக வேண்டும். சாதி அப்படி நகரவிடுவதில்லை. ஆகவே இந்த நாட்டின் வேலையின்மைக்குச் சாதி நேரடியான காரணம் என்கிறார். பொருளாதாரம் படித்தவர் சொன்ன பொருளாதார வாதம் இது.

அதாவது, தொழில் மாறும் உரிமை சாதி ஒழிப்பின் மையத்தில் இருக்கிறது. இதை எதிர்த்தரப்பும் நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பழக வேண்டும் என்று இருந்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்று அதற்குத் தமிழ்நாடு சரியான பெயரை வைத்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. 70 ஆண்டு கழித்து, 2023இல், ஒன்றிய அரசு 18 கைவினைத் தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது பரம்பரைத் தொழில் என்ற அளவுகோல் மறுபடி தலைகாட்டியது. குறைந்தபட்ச வயது 18. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், வயதை 35 ஆக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டது, கிடைக்கவில்லை, தனியாகக் கலைஞர் கைவினைத் திட்டத்தை அறிவித்தது. 18 வயதில் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டுமா, அப்பனின் உளியை எடுக்க வேண்டுமா என்பதுதான் அந்த வயது வரம்புக்குள் இருந்த சண்டை.

நம் கடற்கரைக்கு வருவோம். இராமநாதபுரம் மாவட்டத்து மக்கள் தொழில் மாறாதவர்கள் அல்ல. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து ரயிலில் கொழும்பு என்று போட் மெயில் ஓடியது. சேர்ந்துபோகும் கூலிகளை நிறுத்திப் பரிசோதிக்க மண்டபத்தில் முகாம் இருந்தது. அந்த வழியாகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும் பகுதியினர் நம் சேரிகளின் மக்கள். அவர்களைக் கூட்டிப்போன கங்காணிகளில் பலர் ஊர்ப்பக்கத்து ஆட்கள். கடலைத் தாண்டினார்கள், களத்துமேடு போய்க் கொழுந்துக்கூடை வந்தது. அடுக்கு மாறவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறுவது ஒன்று, அடுக்கில் நம் இடம் மாறுவது இன்னொன்று.

அடுக்கையே அசைத்த தொழில் மாற்றமும் இங்கே நடந்திருக்கிறது. 1924இல் செல்லூரில் பிறந்த இம்மானுவேல் சேகரனார் இராணுவத்துக்குப் போனார். சீருடை போட்டு, சம்பளம் வாங்கி, நாலு மொழி பேசுகிறவர்களோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர் திரும்பி வந்து முதுகுளத்தூர் வட்டாரத்தில் கைகட்டி நிற்க முடியாது. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் அவரைக் கொன்றவர்களுக்கு அவருடைய அரசியல் மட்டுமல்ல, அந்த நிமிர்வும் பொறுக்கவில்லை. இராணுவம், ரயில்வே, ஆசிரியப் பணி, வங்கி, காவல்துறை என்று நாம் அடுக்கை விட்டு வெளியேறிய கதவுகள் எல்லாம் அரசு வைத்திருந்த கதவுகள். இட ஒதுக்கீடு இருந்த கதவுகள்.

இன்னொரு தொழில் மாற்றத்தை இந்தக் கடற்கரை மிகப் பெருமையாகச் சொல்லும். இராமேஸ்வரத்துப் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை அப்துல் கலாம். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்த பிறகுதான் தனக்கு வேண்டியது பொறியியல் என்று தெரிகிறது. ஒரு துறையைப் படித்துவிட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறார். சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைக்கிறது, சேர்வதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். 1950களின் நடுவில் அது பெரிய தொகை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார் என்று 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாமே சொல்கிறார்.

பள்ளி மேடைகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது கனவு காணுங்கள் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வளையல்தான் முக்கியமாகப் படுகிறது. துறை மாறுவதற்குத் திறமை வேண்டும், ஆசை வேண்டும், சரி. அதற்கு மேல், இடைப்பட்ட காலத்தைக் கடக்க யாராவது ஒருவர் அடகு வைக்க ஏதாவது ஒரு பொருள் வேண்டும். படகு வைத்திருந்த குடும்பத்து அக்காவிடம் வளையல் இருந்தது. கரிமூட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் கூலிக்குப் போன நம் அக்காக்களிடம் என்ன இருந்தது?

இனி மென்பொருள் துறை. அதைப் பற்றி நம் பிள்ளைகள் மனத்தில் ஒரு பயம் இருக்கிறது. அது கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களின் சொத்து, நாம் அயலார் என்ற பயம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1946இல் அமெரிக்காவில் எனியாக் என்ற கணினிக்கு முதன்முதலாக நிரல் எழுதிய ஆறு பேரும் பெண்கள். கணக்குப் போடுகிற வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். நிரல் எழுதும் படிப்பு என்று ஒன்று அன்று உலகத்திலேயே இல்லை. 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயர் பரவியதே 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான். அதே 1968இல் தொடங்கிய டாடா கன்சல்டன்சி சர்வீசஸைத் தூக்கி நிறுத்திய எஃப்.சி.கோலி, டாடா மின்சார நிறுவனத்திலிருந்து வந்த மின்பொறியாளர். வேறு துறையிலிருந்து வந்தவர்கள் கட்டிய துறை இது.

இன்றும் அப்படித்தான். மெக்கானிக்கல், சிவில் படித்த ஆயிரக்கணக்கானவர்களைப் பெரிய நிறுவனங்கள் கல்லூரி வளாகத்துக்கே வந்து எடுத்து, மூன்று நான்கு மாதம் பயிற்சி கொடுத்து நிரல் எழுத வைக்கின்றன. பாலத்தின் பளுவைக் கணக்கிடப் படித்தவர், காப்பீட்டு நிறுவனத்தின் பிரீமியம் கணக்கிடும் நிரலைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அவரிடம் யாரும் "நீங்கள் வேறு துறையாயிற்றே" என்று கேட்பதில்லை. பரமக்குடி அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் படித்தவரிடம் மட்டும் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் நிரலாக்கம் புதிதுதான். ஒருவருக்குக் கல்லூரி வாசலில் கதவு வந்து நிற்கிறது, அந்தக் கதவுக்குள் நுழைந்தபிறகு கற்கிறார், கற்கும்போதே சம்பளம் வாங்குகிறார். இன்னொருவர் சொந்தச் செலவில் கற்று முடித்த பிறகு கதவைத் தேடிப் போகிறார். 'தகுதி' என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைப் பேசுவதே இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யை ஆராய்ந்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட நூல், தகுதி என்ற சொல்லுக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை விரிவாகக் காட்டுகிறது. சமூகவியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

சரி, கற்க வேண்டியது என்ன? மேடையில் சொல்லக் கூச்சமாக இருக்கிற அளவுக்குச் சாதாரணமான விஷயங்கள். முதலில் ஒரு நிரல்மொழி. பைத்தான் அல்லது ஜாவாஸ்கிரிப்ட், எதுவானாலும் ஒன்றே ஒன்று. மாதத்துக்கு ஒரு மொழி என்று தாவுகிறவர்கள் எதையும் முடிப்பதில்லை. பிறகு தரவுத்தளம். தகவலை அட்டவணைகளாக அடுக்கி வைத்து, வேண்டியதைக் கேட்டு எடுப்பது. ரேஷன் கடையில் அட்டை எண்ணைக் கொடுத்ததும் உங்கள் வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு அரிசி என்று திரையில் வருகிறதே, அந்த வேலையை உள்ளே இருந்து செய்வது. அதற்கு எஸ்.க்யூ.எல். என்ற மொழி. இணையப் பக்கம் எப்படி உருவாகிறது, நம் கைப்பேசியிலிருந்து கேட்கிற கேள்வி எங்கே போய்ப் பதிலோடு திரும்புகிறது என்ற அடிப்படை. பலர் ஒரே நிரலில் வேலை செய்யும்போது யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் கிட். கடைசியாக, எழுதியது சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பது. சோதனை மட்டுமே தனி வேலையாகவும் இருக்கிறது, வேறு துறையிலிருந்து வருகிற பலர் உள்ளே நுழையும் வாசல் அது.

இதைக் கற்பதில் மூளைக்கு வேலை இருக்கிறது, மந்திரம் ஒன்றுமில்லை. நாள்தோறும் நாலைந்து மணி நேரம் உட்கார முடிந்தவருக்குப் பத்து மாதத்தில் கை பழகிவிடும். கணக்கில் மேதையாக இருக்க வேண்டியதில்லை. பிழை வந்தால் எரிச்சலடையாமல் ஒவ்வொரு வரியாகப் பார்க்கிற பொறுமை வேண்டும். அறுந்த வலையில் கண்ணி கண்ணியாகக் கிழிசல் தேடுகிற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆங்கிலம்தான் நம்மை மிரட்டுகிறது. நிரல்மொழியில் வருகிற ஆங்கிலச் சொற்கள் சில பத்துகள்தான். விளக்கக் குறிப்புகளைப் படிக்க ஆங்கிலம் வேண்டும், நேர்காணலில் பேசவும் வேண்டும். ஆனால் கருத்தை முதலில் தமிழில் பிடித்துவிட்டால், ஆங்கிலக் குறிப்பு அத்தனை அந்நியமாகத் தெரியாது. 'கணியம்' குழுவினர் 2012 முதல் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் என்று பல பொருள்களில் எளிய தமிழில் எழுதி, மின்னூல்களாக இலவசமாகவே கொடுத்து வருகிறார்கள். நம் சிற்றிதழ் உலகம் கண்டுகொள்ளாத பெரிய தமிழ்ப் பணி அது. கவிதைத் தொகுப்புக்கு விமர்சனக் கூட்டம் நடத்துகிற நாம் அந்த நூல்களில் ஒன்றுக்காவது நடத்தியிருக்கிறோமா?

இன்னொன்று. பழைய தொழிலை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கணக்கு எழுதியவருக்குப் பற்று வரவு தெரியும். கணக்கு மென்பொருள் எழுதும் இளம் பொறியாளர் பலருக்கு அது தெரியாது. மருத்துவமனையில் செவிலியராக இருந்தவருக்கு நோயாளியின் பதிவேடு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது என்பது தெரியும். இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் பில் போட்டவருக்குச் சரக்கும் ஆவணமும் துறைமுகம்வரை போகும் வழி தெரியும். மென்பொருள் என்பது கடைசியில் யாரோ ஒருவருடைய வேலையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். அந்த வேலையைச் செய்தவர் அதைச் சொல்லித்தர வருவது எப்படி அயல் துறை ஆகும்?

படிப்பது கடினமில்லை, வழிகளும் இருக்கின்றன, பிறகு ஏன் நம் பிள்ளைகள் போய்ச் சேருவதில்லை? இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. அதற்குக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல் உண்டு. தடைக்காலம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் பெருக வேண்டும் என்பதற்காக வருமானத்தை நிறுத்தி வைக்கிறோம். அது அறிவுள்ள ஏற்பாடு. வருமானம் இல்லாத அந்த நாட்களுக்கு அரசு குடும்பத்துக்கு நிவாரணம் கொடுக்கிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் முதலமைச்சர் அறிவித்தார். போதுமா என்பது வேறு சண்டை. நாளைய விளைச்சலுக்காக இன்றைய வருமானத்தை விடுகிறவருக்குச் சமூகம் கைகொடுக்க வேண்டும் என்ற கொள்கை அதில் இருக்கிறது.

தொழில் மாறுவதற்கும் இப்படியொரு தடைக்காலம் உண்டு. பழைய வேலையை விட்டு, புதியதைக் கற்று, முதல் சம்பளம் வாங்குவதற்கு இடையிலான காலம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பரமக்குடியில் மாதம் 12,000 வாங்குகிற ஒரு பட்டதாரி வேலையை விட்டுச் சென்னைக்குப் போகிறார் என்று வையுங்கள். பத்து மாதம் வீட்டுக்கு வராமல் போகிற சம்பளம் 1,20,000. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 9,000 என்றால் 90,000. பயிற்சி நிலையக் கட்டணம் 40,000. ஆக 2,50,000 ரூபாய். மடிக்கணினியை நான் சேர்க்கவில்லை. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போவதையும் சேர்க்கவில்லை. அப்பா வங்கியிலும் அம்மா பள்ளியிலும் வேலை பார்க்கிற வீட்டில் இந்தத் தொகையை யாரும் தொகையாகவே பார்ப்பதில்லை. "ஒரு வருஷம் வீட்டுல இருந்து படிக்கட்டும்" என்ற ஒரு வாக்கியத்தில் அது முடிந்துபோகிறது. நம் வீட்டில் அது கந்துவட்டி. நாலாவது மாதத்தில் "என்னப்பா, எப்ப சம்பளம்?" என்று கேள்வி வருகிறது, ஐந்தாவது மாதத்தில் பிள்ளை உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்குப் போகிறான், ஆறாவது மாதம் படிப்பு நிற்கிறது. அவனுக்குக் கோடிங் வரவில்லை என்று எல்லோரும் சொல்கிறோம். பெண் பிள்ளை என்றால் பல வீடுகளில் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே மாப்பிள்ளை பார்த்து முடித்துவிடுகிறார்கள்.

இதைத் தாண்டியவருக்கும் அடுத்த சுங்கச்சாவடி காத்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை எல்லாவற்றிலும் 60 விழுக்காடு கேட்கின்றன. படிப்பில் இரண்டு ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்கின்றன. பார்க்கச் சாதியே இல்லாத விதி. அக்கா கல்யாணக் கடனை அடைக்க இடையில் வேலைக்குப் போனவரை அது துல்லியமாக வடிகட்டிவிடும். அடுத்து, பரிந்துரை. உள்ளே இருக்கும் ஊழியர் ஒருவரின் பெயரைச் சொன்னால் நம் விண்ணப்பம் மேலே வரும், பரிந்துரைத்தவருக்குப் பரிசுத்தொகையும் உண்டு. உள்ளே சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு ஏற்ற வழி.

கற்பனை செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செய்தித்தாள்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. நேர்காணலுக்கு உள்ளே போகும் முன்பே, ஒரு வார்த்தை பேசும் முன்பே இது நடக்கிறது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசியபோது, நாங்கள் தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்றவர்களே 'குடும்பப் பின்னணி' கேட்பது முக்கியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு நம் பிள்ளை பதில் தேடி விழிக்கிற அந்த நொடியைத் 'தன்னம்பிக்கைக் குறைவு' என்று எழுதிக்கொள்வார்கள்.

கடல் தாண்டினாலும் அது கூடவே வருகிறது. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தது. தலித் பொறியாளர் ஒருவரை இந்திய மேலதிகாரிகள் சாதி பார்த்து ஒதுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த மேலதிகாரிகள் இருவர்மீதான பகுதியை 2023இல் மாநிலமே விலக்கிக்கொண்டது, நிறுவனத்தின்மீதான பகுதி தொடர்ந்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், அதற்குப் பிறகு சாதி என்ற சொல் அமெரிக்கச் சட்ட மொழிக்குள் வந்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. மென்பொருள் நிறுவனங்களின் தாய்வீட்டிலேயே அப்படி ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்றால், சாதியில்லாத துறை இது என்று நம்மிடம் சொல்கிறவர்களை என்ன செய்வது?

இத்தனைக்கும் நடுவில் வழி என்ன இருக்கிறது என்று தம்பி தங்கைகள் கேட்பீர்கள். அரசு போட்டு வைத்த பழைய சாலை ஒன்று உண்டு, எம்.சி.ஏ. +2விலோ பட்டப்படிப்பிலோ கணக்குப் படித்திருந்தால், எந்தப் பட்டதாரியும் சேரலாம். 2020க்குப் பிறகு அது இரண்டே ஆண்டு. இட ஒதுக்கீடும் கல்வி உதவித்தொகையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, முடித்தவரிடம் யாரும் பழைய துறையைக் கேட்பதில்லை, வளாக நேர்காணலுக்குள் அவர் நுழைந்துவிடுகிறார். நாற்பதாயிரம் கட்டி ஆறு மாத வகுப்பில் சேருவதற்கு முன் அரசுக் கல்லூரியில் எம்.சி.ஏ. கிடைக்குமா என்று பாருங்கள் என்பது என் முதல் யோசனை. கணக்கு, இயற்பியல் போன்ற பி.எஸ்சி. முடித்த கையோடு இருப்பவர்களை விப்ரோ வேலைக்கு எடுத்து, சம்பளத்தோடு எம்.டெக். படிக்க வைக்கிறது.

இருக்கிற வேலையை விட முடியாதவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டம் இருக்கிறது. 12ஆம் வகுப்பு முடித்து, பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், ஜே.இ.இ. வேண்டாம், வயது வரம்பு இல்லை. பாடம் இணையத்தில், தேர்வு நேரில். முழுப் பட்டம்வரை போகாமல் நடுவில் பட்டயத்தோடு நிறுத்திக்கொள்ளவும் முடியும். பட்டியல் சாதி மாணவர்களுக்குக் கட்டணத்தில் பாதியும், மிகக் குறைந்த வருமானம் என்றால் முக்கால் பங்கும் சலுகை. தாட்கோவும் அந்தப் படிப்புக்கு நம் பிள்ளைகளை அனுப்பும் திட்டத்தை அறிவித்தது. பள்ளி முடித்ததும் எச்.சி.எல். நிறுவனத்தில் வேலையோடு படிக்கும் திட்டத்தையும் அறிவித்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் போய்க் கேட்டால்தான் சொல்வார்கள், போய்க் கேளுங்கள்.

ஜோஹோ நிறுவனம் 2005 முதல் நடத்துகிற பள்ளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். +2, பட்டயம் முடித்தவர்களை எடுத்து, கட்டணம் இல்லாமல், மாதந்தோறும் ஊக்கத்தொகை கொடுத்து இரண்டு ஆண்டு கற்பிக்கிறார்கள். தென்காசிப் பக்கத்திலும் நடக்கிறது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவரின் அரசியலோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அந்தப் பள்ளி மெய்ப்பித்த ஒன்றை மறுக்க முடியாது. பட்டமில்லாத சிற்றூர்ப் பிள்ளைக்குத் தடைக்காலத்தில் பணம் கொடுத்தால் அவர் மென்பொருள் பொறியாளர் ஆகிவிடுகிறார். அங்கே நடந்தது கற்பித்தல் பாதி, அந்த மாதப் பணம் பாதி. பட்டம் முடித்து வயது ஏறியவர்களுக்கு அந்தக் கதவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளங்களையும் சொல்கிறேன். பணம் கட்டினால் வேலை என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பொய்யான அனுபவச் சான்றிதழ் தயாரித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, பின்னாளில் சரிபார்ப்பில் பிடிபட்டால் அந்தத் துறையிலேயே நம் பெயர் கெட்டுவிடும். அசல் மதிப்பெண் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். வெளிநாட்டு ஐ.டி. வேலை என்று வருகிற முகவர்களிடம் மிகவும் கவனம். 2022இல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரில் மியாவாடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி அடைத்து வைக்கப்பட்டார்கள். அந்த அக்டோபரில் 13 பேர் மீண்டு சென்னை வந்து இறங்கினார்கள். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய பழக்கம் உள்ள மாவட்டம் நமது. முகவரின் மொழி நமக்குத் தெரிந்த மொழி, அதனாலேயே ஏமாறுவதும் எளிது.

எல்லோரும் ஐ.டி.க்குப் போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. புதிதாகச் சேர்கிறவரின் சம்பளம் பெரிய நிறுவனங்களில் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் ஏறக்குறைய 2 விழுக்காட்டினரை, 12,000க்கு மேற்பட்டவர்களை, அனுப்பப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு எளிய நிரல்களைத் தானே எழுதுகிறது, தொடக்கநிலை வேலைகள்தான் முதலில் குறையும் என்ற பேச்சும் இருக்கிறது. அரசு வேலைத் தேர்வுக்கு உண்மையாகவே நெருங்கியிருப்பவர் அதை விட்டுவிட்டு இங்கே ஓடி வருவது எனக்குச் சம்மதமில்லை. அங்கே இட ஒதுக்கீடு இருக்கிறது, ஓய்வு வயதுவரை நிலைக்கும் நாற்காலி இருக்கிறது. ஆனால் ஆறாவது முறை குரூப் 4 எழுதப்போகிறேன் என்று 29 வயதில் சொல்கிறவரிடம், இன்னொரு கதவும் இருக்கிறது என்று சொல்லாமல் இருப்பதும் தவறு.

எழுதித் தரும் கருவி வந்துவிட்டது என்பதால் கற்க வேண்டாம் என்று ஆகிவிடாது. கருவி எழுதியது சரியா என்று பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இனி வேலை. நான் முன்னே சொன்ன செவிலியரும் கணக்கரும் அதைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள்.

இனி நாம் செய்யக்கூடியது. உள்ளே போய்விட்ட நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். சாதி தெரிந்துவிடுமோ என்று ஒதுங்கி இருக்கிறார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெயரை வெளியிடாமலே ஆளுக்கு ஆண்டுக்கு ஒரே ஒருவரைப் பரிந்துரைக்கலாம், ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் மாதிரி நேர்காணல் நடத்தலாம். மற்ற சாதிகள் சங்கம் வைக்காமலே செய்வதைத்தான் சொல்கிறேன். ஊர்களில் இருக்கும் நம் படிப்பகங்களில் செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பழைய கணினியும் இணைய இணைப்பும் போடலாம். அறை வாடகை இல்லாமல் ஊரிலேயே முதல் நாலு மாதத்தைப் படித்து முடித்தால் நான் சொன்ன கணக்கில் 36,000 ரூபாய் குறையும்.

மீதியை அரசிடம்தான் கேட்க வேண்டும். 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரிக்குள் இருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது, நல்லது. கல்லூரியை விட்டு வெளியே வந்து, வேறு வேலையில் மாட்டிக்கொண்டு, மாற நினைப்பவருக்கு அது போதாது. பயிற்சிக் கட்டணத்தைத் தாட்கோ ஏற்றுக்கொள்கிறது, பயிற்சி நடக்கிற காலத்தில் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மீனவருக்குத் தடைக்கால நிவாரணம் என்று ஒன்றை ஒப்புக்கொண்ட அரசிடம் அதே கொள்கையை இங்கேயும் கேட்கிறோம். பட்டியல் சாதிப் பட்டதாரி ஒருவர் தொழில் மாறிப் படிக்கும் பத்து மாதத்துக்கு மாதம் 8,000 ரூபாய். ஆண்டுக்கு 1,000 பேர் என்றால் 8 கோடி ரூபாய். இடைவெளி ஆண்டுகளைக் காரணம் காட்டி விண்ணப்பத்தைத் தள்ளும் நிறுவனங்களை, அரசு நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்களில் சேர்க்கக் கூடாது என்பது இரண்டாவது கோரிக்கை.

இரண்டையும் ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். வாசலில் புத்தக மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில், நீங்கள் படித்த படிப்பையும் இப்போது பார்க்கிற வேலையையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இரண்டு பத்திகளையும் ஆட்சியர் வரிசையாகப் படித்துப் பார்க்கட்டும்.